64 டொமைன் வாங்கி வச்சிருக்கேன், எல்லாத்துலயும் வெப்சைட் கட்டலாமா? யீஷூன் வாசகருக்கு என் பதில்

சிங்கப்பூர் யீஷூன்லேர்ந்து ஒரு தம்பி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காரு, கூடவே ஒரு எக்செல் ஷீட்டும் அனுப்பியிருக்காரு. பேரு, வேலை பாக்குற எடம் எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சுருக்கி சொல்றேன்.

வயசு 43, பீஆர் (நிரந்தரவாசி), லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில சூப்பர்வைசர். மனைவி பாலர் பள்ளில உதவி ஆசிரியை. பையன் அடுத்த வருஷம் பாலிடெக்னிக் போறான். 2020ல கொரோனாவுக்காக சர்க்யூட் பிரேக்கர் போட்டு வீட்டுலயே அடைஞ்சு கெடந்தப்போ டொமைன், அதாவது வெப்சைட்டுக்கான முகவரிப் பேரு, வாங்க ஆரம்பிச்சிருக்காரு, ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சது இப்ப 64. போன வருஷம் புதுப்பிக்க மட்டும் 1,480 சிங்கப்பூர் வெள்ளி கட்டியிருக்காரு, இது வரைக்கும் ஒண்ணு கூட விக்கல. அதுல ஒரே ஒரு பேர்ல மட்டும் ஒரு பக்கம் ஓடுது, அத பத்தி கடிதத்துல ஒன்றரை வரிதான் எழுதியிருக்காரு, நான் பின்னாடி அதுக்கு வர்றேன்.

இப்ப கோயம்புத்தூர்ல ஒரு டெவலப்பர் கெடச்சிருக்காராம். 40 டொமைன்ல 40 வெப்சைட், ஒண்ணுக்கு 450 வெள்ளி, மொத்தம் 18,000. ஒவ்வொரு சைட்லயும் ஏஐ வச்சு 200 கட்டுரை போட்டு, விளம்பரம் போட்டு, சைட்டுக்கு மாசம் 80 வெள்ளி கண்டிப்பா வரும்னு சொல்லியிருக்காரு. அப்ப மாசம் 3,200 வெள்ளி, ஆறே மாசத்துல போட்ட காசு திரும்பிரும், அப்புறம் வேலைய விட்டுரலாம்னு தம்பி கணக்கு போட்டிருக்காரு. 18,000க்கு மனைவியோட நகைய அடகு வைக்கணும், மனைவி ஒத்துக்கல. "அவளுக்கு இதெல்லாம் புரியாது மேடம், உங்கள மாதிரி படிச்சவங்க சொன்னா கேப்பா"ன்னு முடிச்சிருக்காரு.

இதோட இன்னும் மூணு விஷயம். ஒரு பெரிய பிராண்ட் பேரு வர்ற டொமைனுக்கு அவங்க வக்கீல்கிட்டேர்ந்து கடிதம் வந்திருக்கு. வேறொரு டொமைன 12,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் ஈமெயில் போட்டிருக்காரு. அஞ்சு .காம்.எஸ்ஜி பேரு மச்சானோட கம்பெனி பேர்ல இருக்கு.

தம்பி, உங்க கேள்வி வெப்சைட் கட்டுறத பத்தி. ஆனா நான் வக்கீல் கடிதத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா அதுல 14 நாள் கெடு போட்டிருக்கு, நீங்க எனக்கு எழுதுனப்பவே 9 நாள் போயிருச்சு.

அந்த வக்கீல் கடிதம்

நீங்க எழுதியிருக்கீங்க, "முதல்ல பதிஞ்சவனுக்குத்தானே சொந்தம், வேணும்னா 20,000 குடுத்து வாங்கிக்கட்டும், அப்படியே பதில் போடலாம்னு இருக்கேன்"னு. அந்த பதில தயவு செஞ்சு அனுப்பிராதீங்க. முதல்ல பதிஞ்சவனுக்கு டொமைன் கெடைக்கும், அது சரி. ஆனா அடுத்தவங்க டிரேட்மார்க்க அந்த பேருக்குள்ள வச்சிருந்தா அதுக்குன்னு தனி விதிமுறை இருக்கு. .காம் மாதிரி பேருக்கெல்லாம் 1999 லேர்ந்து யூடிஆர்பின்னு டொமைன் தகராற தீக்குறதுக்கு ஒரு முறை நடைமுறைல இருக்கு. பிராண்ட்காரங்க மூணு விஷயத்த காட்டணும்: உங்க டொமைன் அவங்க மார்க் மாதிரியே இருக்கு, உங்களுக்கு அந்த பேர்ல நியாயமான உரிமை எதுவும் இல்ல, கெட்ட எண்ணத்தோட பதிஞ்சு பயன்படுத்துறீங்க. இதுல மூணாவதுக்கு அந்த விதியிலயே உதாரணம் குடுத்திருக்காங்க, மார்க் வச்சிருக்கிறவங்களுக்கே, பதிய ஆன கைச்செலவ விட அதிக வெலைக்கு விக்கிற நோக்கத்தோட பதிஞ்சிருந்தா அதுவே சாட்சி. அதாவது நீங்க 20,000 கேட்டு எழுதுற அந்த ஒரு ஈமெயில எதிர்த்தரப்பு வக்கீல் பிரிண்ட் எடுத்து அப்படியே இணைப்பா வச்சிருவாங்க. நானும் வக்கீலா எதிர்த்தரப்புல இருந்து அத செஞ்சிருக்கேன், அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

இன்னொண்ணு, "அவசரமா அதுல ஒரு சைட் கட்டிட்டா நான் உபயோகப்படுத்துறேன்னு ஆயிருமே"ன்னு டெவலப்பர் யோசனை சொல்லியிருக்காரு. ஆகாது. உண்மையா ஒரு தொழிலுக்கு பயன்படுத்துனேன்னு காட்டுறதா இருந்தா, தகராறு பத்தி உங்களுக்கு தகவல் வர்றதுக்கு முன்னாடியே அது நடந்திருக்கணும். கடிதம் கைக்கு வந்தாச்சு, இனிமே கட்டுற சைட் உங்கள காப்பாத்தாது, அவங்க பிராண்ட் பேர்ல நீங்க விளம்பரக் காசு பாத்தீங்கங்கற புதுப் பழியைத்தான் சேக்கும். மச்சான் பேருக்கு மாத்தி விட்டுரலாம்னும் நினைக்காதீங்க, ஓடி ஒளியிறவன் மாதிரி ஆயிரும்.

யூடிஆர்பில போனா அவங்களுக்கு கெடைக்கிறது அந்த டொமைன் மட்டும்தான், உங்ககிட்ட நஷ்டஈடு வாங்க முடியாது. புகார் பண்றவங்கதான் கட்டணமும் கட்டணும், ஐநாவோட அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போல ஒருத்தர் மட்டும் விசாரிக்கிற வழக்குக்கு 1,500 அமெரிக்க டாலர். அதனால பெரும்பாலான கம்பெனிங்க சமாதானமா முடியுமான்னுதான் முதல்ல பாப்பாங்க. ஆனா அவங்க இங்க கோர்ட்டுக்கு டிரேட்மார்க் சட்டப்படி வந்தா கதை வேற, அங்க நஷ்டஈடும் கேக்கலாம், செலவும் உங்க தலைல விழலாம். நீங்க செய்ய வேண்டியது, நாலே வரில ஒரு பதில்: கடிதம் கெடச்சது, அந்த பேர்ல எந்த சைட்டும் நடத்தல, பதிவுச் செலவ குடுத்தா மாத்திக் குடுக்க தயார், உங்க பக்கத்துலேர்ந்து மேற்கொண்டு எதுவும் கேக்க மாட்டீங்கன்னு எழுத்துல குடுங்க. பதிவுச் செலவு 20, 30 வெள்ளிதான் இருக்கும், அது கூட வரலேன்னா பரவால்ல, அந்த கடைசி வரி முக்கியம். எதையும் ஒத்துக்கிட்டு, மன்னிப்பு கேட்டு நீளமா எழுத வேணாம். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டிருங்க, கையில காசு இல்லேன்னா சமூக நிலையத்துல நடக்குற இலவச சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு பண்ணுங்க.

உங்க ஷீட்ட பாத்தேன், இதே மாதிரி பிராண்ட் பேரு வர்றது இன்னும் ரெண்டு இருக்கு, ஒண்ணு .எஸ்ஜி. .எஸ்ஜிக்கு சிங்கப்பூர்ல தனி தகராறு முறை, சிங்கப்பூர் சமரச நிலையமும் அனைத்துலக நடுவர் மன்றமும் சேர்ந்து நடத்துறாங்க, கேள்விங்க கிட்டத்தட்ட அதேதான். அந்த ரெண்டையும் புதுப்பிக்காம விட்டுருங்க, யாருக்கும் விக்க முயற்சி பண்ணாதீங்க.

12,000 டாலர் ஆள்

இது சுருக்கமா. "வாங்க தயார், ஆனா இந்த குறிப்பிட்ட எடத்துல மதிப்பீட்டு சான்றிதழ் எடுத்து அனுப்புங்க, 189 டாலர்தான்"னு கேட்டாருன்னு எழுதியிருக்கீங்க. அந்த 189தான் அவரோட வியாபாரம். சான்றிதழ் குடுக்கிற சைட்டும் அவரோடதுதான். நெஜமா வாங்குறவங்க விக்கிறவர்கிட்ட காசு கேக்க மாட்டாங்க, நடுவுல எஸ்க்ரோ, அதாவது ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா பணத்த பிடிச்சு வைக்கிற நிறுவனம், வச்சு பணத்த போடுவாங்க, பணம் அங்க சேர்ந்ததும் நீங்க டொமைன மாத்துவீங்க. நீங்க இன்னும் கட்டலன்னு நினைக்கிறேன். கட்டிட்டீங்கன்னா கார்டு பேங்க்குக்கு உடனே போன் போடுங்க, போலீஸ் ரிப்போர்ட்டும் குடுங்க.

சொந்தம்னு நினைக்கிறது எது வரைக்கும் சொந்தம்

"நெலம் மாதிரிதானே மேடம், நம்ம அப்பாருங்க ஊர்ல மனை வாங்கி போட்ட மாதிரி"ன்னு கேட்டிருக்கீங்க. இல்ல தம்பி. நாம சிங்கப்பூர்ல இருக்கோம், லீஸ்னா என்னன்னு நமக்கு நல்லாவே தெரியும். எச்டிபி வீடாவது, அதான் அரசாங்க அடுக்குமாடி வீடு, 99 வருஷம். டொமைன ஒரே சமயத்துல அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் பதியலாம், அதுக்கப்புறம் மறுபடியும் கட்டணும், கட்டலேன்னா போயிரும். ஊர் மனை ரசீது இல்லாம பத்து வருஷம் கெடந்தாலும் அங்கதான் கெடக்கும். டொமைன் கெடக்காது. .காம் பேரு ஒண்ணு காலாவதி ஆனா ரெஜிஸ்ட்ராரப் (டொமைன் பதிஞ்சு குடுக்குற கம்பெனியப்) பொறுத்து கொஞ்ச நாள் அவகாசம், அப்புறம் 30 நாள் மீட்பு காலம், அதுல கூடுதல் காசு பிடுங்குவாங்க, அதுக்கப்புறம் 5 நாள், அவ்வளவுதான், யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

இது எவ்வளவு வலிக்கும்னு நான் கிட்டேர்ந்து பாத்திருக்கேன். தேக்கால பிளவுஸ் தைக்கிற ஒரு அக்கா, பதினோரு வருஷம் ஒரே டொமைன். விசிட்டிங் கார்டுல, துணிப்பைல, கடை போர்டுல எல்லாம் அந்த பேரு. சைட் செஞ்சு குடுத்த பையன் தன்னோட அக்கவுன்ட்ல தன்னோட ஈமெயில்லதான் பதிஞ்சிருக்கான், அக்காவுக்கு அது தெரியாது. அவன் ஊருக்கு திரும்பிட்டான், ஈமெயில மாத்திட்டான், புதுப்பிக்க சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் யாரும் பாக்காத பெட்டிக்கு போச்சு. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருத்தங்க போன் பண்ணி, "அக்கா உங்க சைட்ட தொறந்தா சூதாட்டம் வருது"ன்னு சொல்லியிருக்காங்க. அக்கா அந்த துணிப்பை கட்ட தூக்கிட்டு வந்து என் மேசைல வச்சு, "இத இப்ப என்ன பண்றது"ன்னு கேட்டாங்க. எழுநூறு பை. அவங்க பேரு டிரேட்மார்க்கா பதிவாகல, வேற நாட்டுல எவனோ எடுத்து வச்சிருக்கான், நான் செய்ய முடிஞ்சது ரொம்ப கொஞ்சம்.

அதனால உங்க மச்சான் விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. .காம்.எஸ்ஜி பேரு வாங்க அக்ராவுல, அதாவது அரசாங்கத்தோட தொழில் பதிவு ஆணையத்துல, பதிஞ்ச தொழில் மாதிரி ஏதாவது வேணும், உங்ககிட்ட இல்ல, அதனால அவரு கம்பெனி பேர்ல போட்டீங்க. காசு நீங்க கட்டியிருந்தாலும் பதிவேட்டுல இருக்கிறது அந்த கம்பெனிதான். கம்பெனிய மூடிட்டாலோ, கடன்ல மாட்டிக்கிட்டாலோ, குடும்பத்துல ஒரு மனஸ்தாபம் வந்தாலோ என்ன பண்ணுவீங்க? அஞ்சுல உங்களுக்கு நெஜமா வேணும்ங்கறது எதுன்னு பாத்து, வேணும்னா இப்ப நல்லா இருக்கும்போதே எழுதி வாங்கி மாத்திக்கோங்க. சும்மா .எஸ்ஜின்னா தனி ஆளே சிங்கப்பூர் முகவரி வச்சு பதியலாம், நிர்வாகத் தொடர்பா இருக்கிறவர் சிங்பாஸ்ங்கற அரசாங்க மின் அடையாளத்த வச்சு 21 நாளுக்குள்ள உறுதிப்படுத்தணும், மறந்தா டொமைன நிறுத்தி வச்சிருவாங்க.

40 சைட்டு கணக்கு

இப்ப உங்க முக்கியமான கேள்வி. டொமைன் வச்சு வெப்சைட் கட்டி சம்பாதிக்கிறது பொய்யில்ல, செய்றவங்க இருக்காங்க. நீங்க கடிதத்துல கார்இன்ஷூரன்ஸ் டாட் காம் 4.97 கோடி அமெரிக்க டாலருக்கு போச்சுன்னு எழுதியிருக்கீங்க. 2010ல குவின்ஸ்ட்ரீட்ங்கற கம்பெனி வாங்குனாங்க, தொகை சரிதான். ஆனா அது வெறும் பேருக்கு குடுத்த காசு இல்ல, ஓடிக்கிட்டிருந்த சைட், அதோட வியாபாரம் எல்லாம் சேர்ந்து. அதே வருஷம் இன்ஷூரன்ஸ் டாட் காமும் அப்படித்தான், 3.56 கோடி. வெறும் பேருக்கே பெரிய காசுன்னா 2019ல வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு போச்சு, ஒரே ஒரு இங்கிலீஷ் சொல். உங்க ஷீட்ல அந்த மாதிரி பேரு ஒண்ணும் இல்ல, அது உங்க தப்பு இல்ல, அதெல்லாம் நாம இந்த பக்கம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருச்சு.

டெவலப்பர் சொன்ன 80 வெள்ளிய கொஞ்சம் பிரிச்சு பாப்போம். ஆயிரம் தடவ பக்கம் தெறந்தா விளம்பரத்துல 2 வெள்ளி கெடைக்குதுன்னு வச்சுக்குவோம், தலைப்ப பொறுத்து கூடலாம் கொறையலாம். 80 வெள்ளி வரணும்னா ஒரு சைட்ட மாசம் 40,000 தடவ பாக்கணும். 40 சைட்டுக்கு 16 லட்சம் தடவ. சிங்கப்பூர்ல மொத்தமே சுமார் 60 லட்சம் பேரு, அதுல யீஷூன் ஏர்கான், உட்லண்ட்ஸ் பிளம்பர், தம்பனீஸ் டியூஷன்னு தேடுறவங்க எத்தன பேரு? இந்த கணக்க அந்த டெவலப்பர்கிட்டயே கேளுங்க. எந்த பதிலுமே "கண்டிப்பா"ன்னு ஆரம்பிக்க முடியாது.

"பேர்லயே தேடுற வார்த்தை இருக்கு, கூகுள் தானா மேல கொண்டு வந்துரும்"ங்கறது ஒரு காலத்துல உண்மை. 2012 செப்டம்பர்லயே கூகுள் அத சரி பண்ணிட்டாங்க, தரம் இல்லாத சைட்ட பேரு பொருந்துதுங்கறதுக்காக மட்டும் தூக்கி விடுறது நின்னுருச்சு. அதவிட முக்கியம் 2024 மார்ச் மாத்தம். தேடல்ல மேல வர்றதுக்காக மட்டும் கட்டுக்கட்டா பக்கங்கள உற்பத்தி பண்றதையே விதிமீறல்னு எழுதிட்டாங்க, ஏஐ எழுதுனாலும் சரி ஆள் எழுதுனாலும் சரி. 40 சைட்டு, சைட்டுக்கு 200 கட்டுரை, 8,000 கட்டுரை. நீங்க வாங்கப் போறது அவங்க தடை பண்ண அதே சரக்குதான் தம்பி. 18,000 குடுத்து அத வாங்காதீங்க.

அடகுக்கும் வருவோம். இங்க லைசன்ஸ் உள்ள அடகுக் கடைல வட்டி மாசத்துக்கு அதிகபட்சம் 1.5 விழுக்காடு வாங்கலாம். 18,000க்கு மாசம் 270 வெள்ளி, ஆறு மாசத்துக்கு 1,620. சைட் ஒரு காசு சம்பாதிக்கிறதுக்கு முன்னாடியே அது ஓட ஆரம்பிச்சிரும். ஆறு மாசத்துல மீட்கவோ, வட்டி கட்டி புதுப்பிக்கவோ முடியலேன்னா நகை போயிரும். நகை உங்க மனைவியோடது, அவங்க வேணாம்னு சொன்னதுக்கப்புறம் அதுல கை வைக்க உங்களுக்கு உரிமை இல்ல, இத நான் வக்கீலாவும் சொல்றேன், உங்க அக்கா மாதிரியும் சொல்றேன்.

வேலைய விடுற பேச்சு இப்போதைக்கு வேணவே வேணாம். உங்க வேலை ஒப்பந்தத்துல வெளிய வேற தொழில் செய்யக்கூடாதுன்னோ அனுமதி வாங்கணும்னோ வரி இருக்கான்னும் பாருங்க. நீங்க பீஆர்ங்கறதால குடிநுழைவு பக்கத்துல பிரச்சினை இல்ல. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல இருக்குற யாராவது இத படிச்சு நாமளும் செய்வோம்னு நினைச்சா, உங்க பாஸ் அந்த ஒரு முதலாளிகிட்ட வேலை பாக்க மட்டும்தான், மனிதவள அமைச்சுகிட்ட கேக்காம பக்க வருமானத்துல எறங்காதீங்க.

அந்த ஒன்றரை வரி

உங்க கடிதத்துல மூணாவது பக்கத்துல இப்படி இருக்கு: "ஒண்ணுல மட்டும் என் மனைவி தங்கச்சி கல்யாணத்தப்போ எழுதி வச்ச மண்டப விவரம் இருக்கு, அது சும்மா ஓடுது, கணக்குல இல்ல."

நான் அந்த பக்கத்த தெறந்து பாத்தேன், ரொம்ப நேரம் பாத்தேன். பெருமாள் கோயில் பிஜிபி மண்டபத்துலேர்ந்து சமூக மன்ற ஹால் வரைக்கும் பதினேழு எடம். எத்தன நாற்காலி போடலாம், வெளி சமையல்காரர அனுமதிப்பாங்களா, வாழையிலை பந்தி போட எடம் இருக்கா, நாதஸ்வரக்காரங்க உக்கார மேடை தனியா இருக்கா, மணமேடைல ஹோமம் வளக்கலாமா. ஒரு எடத்துக்கு கீழ, "பாட்டிய சக்கர நாற்காலில கூட்டிட்டு போறவங்க பின் வாசல் வழியா வாங்க, முன்னாடி நாலு படி இருக்கு"ன்னு எழுதியிருக்காங்க. பட்டுப்புடவை கட்டிட்டு எம்ஆர்டிலேர்ந்து நடக்க எத்தன நிமிஷம்னு கூட போட்டிருக்காங்க. இத எந்த ஏஐயும் எழுத முடியாது, ஏன்னா அது அந்த படிய ஏறிப் பாத்ததில்ல.

உங்க ஷீட் படி போன மாசம் 410 பேரு வந்திருக்காங்க, 9 பேரு வாட்ஸ்அப்ல விசாரிச்சிருக்காங்க, எல்லாருக்கும் உங்க மனைவிதான் பதில் சொல்லியிருக்காங்க. ஒரு காசு விளம்பரம் குடுக்காம. "ஆடி மாசம் ஆளே வரல, செத்துப்போன சைட்"ன்னு பக்கத்துல குறிப்பு போட்டிருக்கீங்க. ஆடில யாரு தம்பி கல்யாணம் வைப்பாங்க? ஆவணில பாருங்க, தைல பாருங்க, உங்க ஷீட்லயே எண்ணிக்கை ஏறியிருக்கு.

64 டொமைன்ல உண்மையா வெப்சைட்னு ஒண்ணு இருக்குன்னா அது இதுதான், அத கட்டுனது புரியாதுன்னு நீங்க சொல்ற அதே ஆள். அவங்க உங்க திட்டம் புரியாம வேணாம்னு சொல்லல, ஒரு பக்கத்த ஒழுங்கா வச்சிருக்க எவ்வளவு வேலைன்னு செஞ்சு பாத்துட்டு சொல்றாங்க. அதனால "நீங்க சொன்னா கேப்பா"ங்கற எடத்துல நான் உங்களுக்கு உதவ முடியாது. நீங்க அவங்ககிட்ட போய் கேளுங்க, இத வளக்கலாமான்னு. அவங்க வேணாம்னா அதுவும் ஒரு பதில்தான், பாலர் பள்ளில நின்னுட்டு வந்து ராத்திரில இத பாக்குறவங்க அவங்க.

சரின்னு சொன்னா, காசு வர்ற வழி கூகுள் விளம்பரம் மட்டும் இல்ல. தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 லேர்ந்து கூகுளோட விளம்பரச் சேவை ஆட்சென்ஸ் இருக்கு, போட்டுக்கலாம், ஆனா 410 பேருக்கு அதுல டீ காசுதான் வரும். சமையல்காரங்க, மேடை அலங்காரம், மருதாணி போடுறவங்க, நாதஸ்வரம், போட்டோகிராபர், இவங்களுக்கு அந்த 9 விசாரிப்புதான் பொன்னு. பன்னிரண்டு பேரு மாசம் 30 வெள்ளி குடுத்து பேர போட்டா 360 வெள்ளி. பெரிய தொகை இல்ல, ஆனா உங்க 63 டொமைனும் சேர்ந்து இது வரைக்கும் குடுத்தத விட அதிகம். காசு வாங்கிட்டு போட்ட பேருன்னா பக்கத்துல "விளம்பரம்"னு எழுதுங்க. கோயிலோட அதிகாரப்பூர்வ பக்கம் மாதிரி காட்டாதீங்க. விசாரிக்கிறவங்க பேரு, போன் நம்பர அவங்க சம்மதம் இல்லாம அந்த பன்னிரண்டு பேருக்கும் அனுப்பக்கூடாது, தொழிலா செய்ய ஆரம்பிச்சா தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் உங்களுக்கும்தான். அடையாள அட்டை எண் கேக்கவே கேக்காதீங்க.

டெவலப்பர் வேணும்னா இந்த ஒரு சைட்டுக்கு வைங்க. டொமைன் உங்க அக்கவுன்ட்ல, ஹோஸ்டிங் (சைட்ட வச்சிருக்குற சர்வர் எடம்) உங்க ஈமெயில்ல இருக்கட்டும். வெளியாளுக்கு காசு குடுத்து செய்ய சொன்னா காப்புரிமை தானா உங்களுக்கு வந்துராது, எழுதி வாங்குனாத்தான் உங்களுக்கு. படம், ப்ரோகிராம் கோட் எல்லாமே எங்களுக்கு சொந்தம்னு ரெண்டு வரி எழுதி கையெழுத்து வாங்குங்க. பேஸ்புக்ல எடுத்த அடுத்தவங்க கல்யாணப் படம் நாலு அந்த பக்கத்துல கெடக்கு, அத முதல்ல எடுங்க.

மிச்ச பேர என்ன பண்றது

ஒவ்வொரு பேருக்கும் ஒரே கேள்வி: இன்னைக்கு இது உங்ககிட்ட இல்லேன்னா, காசு குடுத்து மறுபடி வாங்குவீங்களா? இல்லேன்னா தானா புதுப்பிக்கிறத நிறுத்துங்க. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் பத்து பன்னிரண்டு தேறும், அத விலைப்பட்டியல்ல போட்டு வையிங்க, யாராவது தேடி வந்தா விக்கலாம். வருஷத்துக்கு ஆயிரம் வெள்ளி மேல மிச்சம், பையனுக்கு ஆகும்.

ரெண்டு விஷயத்துல தனியா ஒரு எச்சரிக்கை. "கடன்"னு வர்ற அந்த பேர்ல ஆள் பிடிச்சு கடன் குடுக்கிறவங்களுக்கு அனுப்பலாம்னு எழுதியிருக்கீங்க. லைசன்ஸ் வாங்குன கடன் கம்பெனிங்களே தங்களோட சொந்த வெப்சைட், வர்த்தக டைரக்டரி, தங்களோட கடை, இந்த மூணுல மட்டும்தான் விளம்பரம் பண்ணலாம். உங்க சைட் அதுல வராது, அந்த பக்கமே போகாதீங்க. அதே மாதிரி மாசம் 600 வெள்ளி தர்றேன், கேசினோ லிங்க் மட்டும் போடுங்கன்னு வெளிநாட்டுலேர்ந்து கேட்டவர். 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல சட்டவிரோத சூதாட்டத்த விளம்பரம் பண்றதே குற்றம். பதில் கூட போடாதீங்க.

தமிழ் எழுத்துல இருக்குற அந்த ஒரு பேர வச்சுக்கங்கன்னு நான் சொல்லுவேன். 2011 லேர்ந்து நம்ம எழுத்துலயே .சிங்கப்பூர்னு ஒரு முகவரி இருக்கு, நம்ம ஆளுங்களுக்கே நெறைய பேருக்கு தெரியாது. விக்க ஆள் கெடைக்காது. ஆனா கல்யாணப் பத்திரிகைல தமிழ்ல அச்சடிச்ச முகவரி மண்டபப் பக்கத்துக்கு கூட்டிட்டு போனா, அது எனக்கு மனசுக்கு நெறைவா இருக்கும், உங்க மனைவிக்கும் பிடிக்கும்னு நினைக்கிறேன்.

வரி

"சிங்கப்பூர்ல மூலதன ஆதாயத்துக்கு வரி இல்ல, அப்ப டொமைன் வித்தா ஒண்ணும் கட்ட வேணாம்"னு எழுதியிருக்கீங்க, பாதி சரி. மூலதன ஆதாயத்துக்கு வரி இல்ல. ஆனா விக்கணும்னே வாங்கி, அடிக்கடி வாங்கி விக்கிறத வரித்துறையான ஐஆர்ஏஎஸ் வியாபாரம்னு பாக்கலாம், அப்ப லாபம் வருமானம்தான். 64 வாங்குனவரு "முதலீடு"ன்னு சொன்னா நம்ப வைக்கிறது கஷ்டம். விளம்பரக் காசு, லிஸ்டிங் காசு எல்லாம் சந்தேகமே இல்லாம வருமானம், சொல்லிரணும். தொடர்ந்து லாபத்துக்காக நடத்துனா அக்ராவுல பதியணும், தனி உரிமையாளர்னா ஒரு வருஷத்துக்கு 115 வெள்ளி. அடையாள அட்டைல இருக்குற முழுப் பேர்லயே நடத்துனா பதிய வேணாம், ஆனா மண்டப சைட்டுக்கு ஒரு பேரு வச்சிருக்கீங்களே, அதனால பதியணும். சொந்தத் தொழில் நிகர வருமானம் வருஷத்துக்கு 6,000 வெள்ளிய தாண்டுனா மெடிசேவ், அதாவது மருத்துவ சேமிப்புக் கணக்குக்கு, கட்டணும். ரசீதுங்கள அஞ்சு வருஷம் வச்சிருங்க, ஒவ்வொரு புதுப்பிப்பு ஈமெயிலும் ஒரு ரசீதுதான்.

கடிதத்துக்கான பதிலோட வரைவ நாளைக்குள்ள எழுதிருங்க, நாலு வரிக்கு மேல போகக்கூடாது. இன்னும் ஒண்ணே ஒண்ணு, இத இன்னைக்கு ராத்திரியே பாருங்க. உங்க ஷீட்ல 37ஆவது வரி, மண்டபப் பக்கத்தோட டொமைன், ஜூன்ல முடியுது. தானா புதுப்பிக்கிறதுக்கு குடுத்திருக்குற கிரெடிட் கார்டு மார்ச்லயே காலாவதி ஆகுது, நினைவூட்டல் போற ஈமெயில் நீங்க விட்டுட்டு வந்த பழைய கம்பெனியோடது. கார்ட மாத்துங்க, ஈமெயில மாத்துங்க, மனைவியோட ஈமெயிலயும் ரெண்டாவதா சேத்துட்டு அத மூணு வருஷத்துக்கு புதுப்பிச்சிருங்க.